தீபகற்பத்தில் டென்ட் எங்கே அடிப்பது: வெளிக்கடல் பக்கமா, குடாப் பக்கமா, முனையா, கழுத்தா?

போன மாதம் ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவையாக டென்ட்டில் தங்கப் போகிறவர். இன்னொருவர் மலையில் பல முறை தங்கிப் பழகியவர், கடற்கரை மட்டும் புதுசு. எந்தத் தீபகற்பம், எத்தனை நாள் என்பதெல்லாம் இருவருக்கும் முடிவாகிவிட்டது, அங்கே எந்தப் பக்கம் தங்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்: திறந்த கடலைப் பார்த்த வெளிக்கடல் பக்கமா, நிலம் அணைத்த குடாப் பக்கமா, கடலுக்குள் நீளும் முனையா, நிலத்தோடு சேரும் கழுத்தா. வரைபடத்தில் பார்த்தால் இதெல்லாம் ஒரு கேள்வியா என்றுதான் தோன்றும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம் போல இருக்கும். ஆனால் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் காற்று, அலை, பூச்சி, தரை எல்லாமே மாறிவிடும்.

நானும் செய்த தப்பு ஒன்று உண்டு. பகலில் எந்த இடம் பார்க்க அழகாக இருக்கிறதோ அங்கேயே படுக்கவும் இடம் தேடுவது. தீபகற்பத்தில் இதற்கு அவசியமே இல்லை. ஒரு பக்கம் தூங்கிவிட்டு மறு பக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், நீளக் கடற்கரையில் கிடைக்காத வசதி அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

காற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் டென்ட் மேல் விழும் அழுத்தம் நாலு மடங்காகும், அதனால் 20 கி.மீ. வேகத்தில் சமர்த்தாக நின்ற டென்ட் 40 கி.மீ.யில் வேறு பொருளாகிவிடும். வானிலை அறிவிப்பில் சொல்லும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கான சராசரி. திடீரென்று அடிக்கும் வீச்சுக்காற்றின் வேகத்தைத் தனியாகப் போட்டிருப்பார்கள், கம்பியை வளைப்பது அதுதான், அதைப் பாருங்கள். கருவி இல்லாதவர்கள் கண்ணால் மதிப்பிடலாம்: தூசும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28, கடலில் எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை, சின்ன மரங்கள் முழுசாக ஆடுகின்றன என்றால் 29 முதல் 38, குடை பிடிக்கவே கஷ்டம் என்றால் 39க்கு மேல். கடைசி நிலை வந்தால் சாதாரணக் குடும்ப டென்ட்டைத் திறந்த இடத்தில் அடிக்கவே கூடாது என்பது என் கணக்கு.

ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம், ஆகவே நேற்று வந்த நேரத்துக்கு இன்று வராது, ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். கரையில் காய்ந்த பாசியும் குப்பையும் ஒரு கோடாகக் கிடக்கும், அது சமீபத்தில் தண்ணீர் வந்து நின்ற இடம். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது வளர்பிறை எட்டாம் நாள் போட்ட கோடாக இருந்தால் பௌர்ணமியன்று அதைத் தாண்டித் தண்ணீர் வரும். இன்னும் மேலே பழைய கோடு ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள்.

தரை. முளை அடித்தால் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. டென்ட்டோடு வரும் கம்பி முளை காய்ந்த மணலில் விரலாலேயே உருவி வந்துவிடும்.

குடிநீர். குடிக்க, சமைக்க என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர், அதாவது 48 கிலோ. மலை ஏறுகிறவர்கள் ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தே பழகியவர்கள், அந்த வடிகட்டி கடல்நீரிலிருந்து உப்பை எடுக்காது. குறுகிய தீபகற்பத்தில் கிணறு இருந்தாலும் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படலம் மாதிரி மிதந்துகொண்டிருக்கும், வறண்ட காலத்தில் நிறைய இறைத்தால் உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும்.

வெளியேறும் வழி. தீபகற்பத்துக்கு ஒரே ஒரு பக்கம்தான் வாசல். வானிலை கெட்டால் எல்லோரும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

அனுமதியைத் தனி அளவுகோலாக நான் எடுக்கவில்லை, ஏனென்றால் அதில் எடை போட ஒன்றுமில்லை. தங்கக் கூடாது என்று சொன்ன இடம் பட்டியலிலேயே வராது. மணல்மேடு, பறவையும் ஆமையும் முட்டையிடும் கரை, தீ மூட்டத் தடை உள்ள இடம், இதையெல்லாம் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

## வெளிக்கடல் பக்கம்

படங்களில் பார்த்து ஆசைப்படும் பக்கம் இது. நீள மணல், பெரிய அலை, ராத்திரி முழுக்க அந்த இரைச்சல். இரைச்சலில் நன்றாகத் தூங்குகிறவர்களும் உண்டு, மறுநாள் தலைவலியோடு எழுகிறவர்களும் உண்டு, நீங்கள் எந்த ரகம் என்பது முதல் ராத்திரியில் தெரிந்துவிடும்.

இங்கே காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. பகலில் நிலம் சூடாகி மேலே காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், பிற்பகல் மூன்று, நாலு மணிக்கு அது உச்சத்தில் இருக்கும். டென்ட் அடிக்க வந்து சேரும் நேரமும் பெரும்பாலும் அதுதான்! சாயங்காலம் அடங்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கலாம், பல நாட்களில் அடங்கவும் செய்யும், ஆனால் பெரிய வானிலை அமைப்பு ஒன்று நகர்ந்து வந்துகொண்டிருந்தால் அது பொழுதெல்லாம் பார்த்து அடங்காது.

மணலில் டென்ட்டை நிறுத்த ஒரே நம்பகமான வழி புதைப்பதுதான். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மிதித்து இறுக்க வேண்டும். அகலமான மணல் முளை இருந்தால் அதையும் நட்டுவைக்காமல் படுக்கவைத்துப் புதைத்தால் நன்றாகப் பிடிக்கும். எட்டு கயிற்றுக்கு எட்டுக் குழி, ஒரு மணி நேரம் போய்விடும். இதுதான் இந்தப் பக்கத்தின் முதல் மறைமுகச் செலவு.

இரண்டாவது செலவு ஊருக்குத் திரும்பிய பிறகு வரும். ஸிப் பற்களுக்கு இடையில் மணல் புகுந்த நிலையில் இழுத்தால் தலைப்பகுதி தேய்ந்து, அடுத்த பயணத்தில் கதவு மூடாது. உப்புத் தூவானம் பட்ட கம்பி, கொக்கி, ஸிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி முழுசாகக் காயவைக்க வேண்டும், அரை நாள் வேலை. இதைச் செய்ய மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும் என்றால் இந்தப் பக்கம் வேண்டாம்.

மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே என்று தோன்றும். மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதன்மேல் வளரும் புல்லும் கொடியும்தான், நாலு பேர் நாலு நாள் நடந்தால் அது செத்து மேடு கரையத் தொடங்கும், பல இடங்களில் ஏறவே தடை. மண்மேட்டு விளிம்பும் வேண்டாம். அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பத்தின் அட்லாண்டிக் பக்க மேடுகள் சராசரியாக ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவு பின்வாங்குகின்றன, அதுவும் சொல்லிவைத்தாற்போல் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, ஒரு புயலில் மொத்தமாக. மேட்டுக்கு நேர் கீழே படுப்பதும் அதே ஆபத்துதான்.

எப்போது இதுவே சரி? காற்று 15 கி.மீ.க்குள் என்று அறிவிப்பு இருந்து, கொசுக் காலமாகவும் இருந்தால் தயங்காமல் இந்தப் பக்கம் போங்கள். லேசான கடற்காற்றே பூச்சியை விரட்டிவிடும். டென்ட்டுக்குள் ஈரம் கோர்ப்பதும் குறைவு. பெரியவர்கள் மட்டும், ஒரே ராத்திரி என்றால் ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டிய இடம்.

## குடாப் பக்கம்

பார்க்கச் சாது. குளம் மாதிரி தண்ணீர், பிள்ளைகள் முட்டியளவில் விளையாடலாம், மரங்களும் கரை வரைக்கும் வந்திருக்கும், மண்ணும் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் சாதாரண முளையே பிடிக்கும். டென்ட் இருபது நிமிடத்தில் நின்றுவிடும்.

ஆனால் இங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று ஓதம். அலை இல்லாத இடத்தில் ஓதமும் இருக்காது என்று நினைக்கிறவர்கள் நிறைய. பல இடங்களில் உண்மை நேர் எதிர். புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும் குடாவில் தண்ணீர் நெருக்கப்பட்டு உயரும். கனடாவின் நோவா ஸ்கோஷியா தீபகற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் வெளிக்கடல் பக்கமான ஹாலிஃபாக்ஸில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 2 மீட்டர் அளவுதான், மறு பக்கத்தில் ஃபண்டி குடாவின் உட்கோடியில் அது 16 மீட்டர் வரை போகும். எல்லாக் குடாவும் ஃபண்டி இல்லை என்றாலும், கரை தட்டையாக இருந்தால் ஒரு மீட்டர் ஏற்றமே நூறு மீட்டர் உள்ளே வந்துவிடும். வற்றத்தில் அதே அளவு சேறு வெளியே தெரியும், வாடையோடு. சேற்றில் நடந்து போய்த் திரும்பலாம் என்று பிள்ளைகளை அனுப்பாதீர்கள், ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வந்துவிடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதை மறைந்துவிடும்.

இரண்டு, பூச்சி. உவர்ச்சதுப்பில் வளரும் கொசு ஈர மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போகும், அமாவாசை பௌர்ணமி ஏற்றம் அந்த மண்ணை நனைத்ததும் எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். வெயில் காலத்தில் அந்தப் பெரிய ஏற்றத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போய் மாட்டிக்கொண்டால் சாயங்காலம் ஆறு மணிக்கே டென்ட்டுக்குள் அடைபட வேண்டியதுதான். வலையின் கண் வழியே நுழைகிற பொடிப் பூச்சி வேறு இருக்கிறது, அதற்கு நெருக்கமான வலை வேண்டும், கொசுவலை போதாது.

மூன்று, ஈரம். காற்று அசையாத தெளிந்த ராத்திரியில் பனி இறங்கி மேல்துணி சொட்டச் சொட்ட நனைந்துவிடும், உள்ளே மூச்சுக்காற்று வேறு. இரு பக்கக் கதவின் மேல்பாதியையாவது திறந்து வையுங்கள். காலையில் வெயில் வந்து காயும் வரைக்கும் மடிக்க முடியாது, ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் போட்ட திட்டம் பத்து மணிக்குப் போகும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. குடாப் பக்கம் எப்போதும் காற்று மறைவு என்று நினைக்காதீர்கள், காற்று எந்தத் திசையிலிருந்து என்பதைப் பொறுத்தது அது. குடாவின் மேலாகக் காற்று வருகிறது என்றால் அன்றைக்கு வெளிக்கடல் பக்கம்தான் மறைவு. நடுவே உயரமான முகடு இருக்கும் தீபகற்பத்தில் மறைவுப் பக்கத்திலும் காற்று முகட்டைத் தாண்டிச் சுழன்று இறங்கும், விட்டு விட்டு அடிக்கும் அந்த வீச்சு நேர்க்காற்றைவிட மோசம்.

இத்தனையும் சொன்ன பிறகும், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்குகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான். இங்கே இருக்கும் தொந்தரவெல்லாம் முன்கூட்டியே தெரிகிற தொந்தரவு, ஓத அட்டவணையும் பூச்சி மருந்தும் பார்த்துக்கொள்ளும்.

## முனை

ஒரே இடத்தில் நின்றுகொண்டு சூரியன் கடலில் எழுவதையும் கடலில் விழுவதையும் பார்க்கக் கிடைக்கும் முனைகள் இருக்கின்றன, அதற்காகவே போகிறார்கள். நானும் போனேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கம்பி ஒடிந்து மேல்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, மீதி ராத்திரியை ஒரு பாறைக்குப் பின்னால் டென்ட்டைப் போர்த்திக்கொண்டு கழித்தேன். சாயங்காலம் அறிவிப்பில் பார்த்த காற்று ஒன்றும் பெரிதாக இல்லை. பிறகுதான் புரிந்தது: கடல்மேல் வரும் காற்று முனையைச் சுற்றி வளையும்போது நெருக்கப்பட்டு வேகம் கூடும், பக்கத்து ஊருக்கான அறிவிப்பு முனைக்குப் பொருந்தாது.

மின்னல் இன்னொரு கவலை. திறந்த மேட்டில் உயரமான பொருள் உங்கள் டென்ட்தான், டென்ட் மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. இடி கேட்டால் காருக்கோ கட்டிடத்துக்கோ போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பார்கள், முனையிலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று முதலிலேயே பாருங்கள்.

தண்ணீரைச் சுமப்பதும் இங்கேதான் உறைக்கும். மணலில் நடக்கக் கெட்டித் தரையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகும். கரையோரமாக மட்டுமே வழி இருந்தால் ஏற்றத்தில் அது மூடிக்கொள்ளும், திரும்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது.

சுமை குறைவாக, காற்றில் நிற்கும் தாழ்ந்த டென்ட்டோடு, இரண்டு நாள் அமைதி என்று அறிவிப்பு உறுதியாகச் சொன்னால் போகலாம். இல்லையென்றால் நாலரை மணிக்கு அலாரம் வைத்து டார்ச்சோடு நடந்து போய்ச் சூரிய உதயம் பாருங்கள், அதே சூரியன்தான்.

## கழுத்து

நிலத்தோடு சேரும் ஒடுங்கிய பகுதி. யாருக்கும் பிடிக்காது, பார்க்க ஒன்றும் இல்லை, சாலை பக்கத்தில் ஓடும், வண்டிச் சத்தம், வெளிச்சம். ஆனால் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சிக்னல் எல்லாம் இருக்க வாய்ப்பு இங்கேதான் அதிகம், வெளியேறும் வழியும் கையெட்டும் தூரம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து சேர்கிறவர்கள் முதல் ராத்திரியை இங்கே கழிப்பது புத்திசாலித்தனம், இருட்டில் ஓதக் கோடு தெரியாது. தாழ்ந்த மணல் கழுத்தாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், புயல் அலை முதலில் ஏறுவதும் சாலையை அறுப்பதும் அங்கேதான்.

நடுக்காடு என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. காற்று மறைவு நன்றாக இருக்கும், கடல் தெரியாது. வெயில் காலத்தில் இரு பக்கக் கடற்காற்றும் தீபகற்பத்தின் நடுவே மோதிப் பிற்பகலில் மேகம் கட்டும், ஃப்ளோரிடாவில் கோடை முழுக்க மதியத்துக்குப் பிறகு இடிமழை கொட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காய்ந்த கிளைக்குக் கீழே மட்டும் அடிக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | வெளிக்கடல் | குடா | முனை | கழுத்து |
|---|---|---|---|---|
| காற்று | பலம், பிற்பகலில் உச்சம் | பெரும்பாலும் மறைவு, திசையைப் பொறுத்தது | மிகப் பலம் | நடுத்தரம் |
| ஓதம் | அலையோடு சேர்ந்து ஏறும் | தட்டையாக வெகுதூரம் உள்ளே வரும் | வழியை மூடலாம் | புயலில் மட்டும் கவலை |
| தரை | மணல், புதைக்க வேண்டும் | முளை பிடிக்கும் | பாறை அல்லது மெல்லிய மண் | கெட்டி |
| பூச்சி | குறைவு | அதிகம் | மிகக் குறைவு | இடத்துக்கு இடம் |
| குடிநீர் | சுமக்க வேண்டும் | சில இடத்தில் கிடைக்கும் | முழுக்கச் சுமக்க வேண்டும் | எளிது |
| மறைமுகச் செலவு | கழுவல், ஸிப், குழி தோண்டும் நேரம் | காலைக் காத்திருப்பு, நெருக்கமான வலை | நடை, உடையும் கம்பி | தூக்கம் |
| யாருக்கு | பெரியவர்கள், ஓர் இரவு | குடும்பம், பல இரவு | அனுபவசாலி, அமைதியான நாள் | தாமதமாக வருபவர் |

## கேட்ட இருவருக்கும் சொன்னது

பிள்ளைகளோடு போகிறவரிடம் குடாப் பக்கம் என்றேன், பௌர்ணமிக்கு முந்திய நாலைந்து நாட்களில் போகச் சொன்னேன். முந்தைய பெரிய ஏற்றத்தில் பிறந்த கொசு அதற்குள் ஓரளவு ஓய்ந்திருக்கும், அடுத்தது இன்னும் வந்திருக்காது, ராத்திரி நிலா வெளிச்சமும் உண்டு. பகலில் வெளிக்கடல் பக்கம் போய் மணலில் விளையாடிவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம், மணலும் அங்கேயே நின்றுவிடும். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், அலைச்சத்தத்தில் தூங்க ஆசைப்பட்டிருந்தார்.

மலைக்காரருக்கு முனைமேல் ஆசை. உங்கள் டென்ட் தாங்கும், உங்கள் முளை தாங்காது என்றேன். மலைக்கு வாங்கிய மெல்லிய முளைகளை வீட்டில் வைத்துவிட்டு ஆறு துணிப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எடையே இல்லை. கூடவே, கிளம்பும் முன் வரைபடத்தில் இரண்டு இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன், தீபகற்பத்தின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் அனுமதியோடு. எந்த இடம் என்பதை அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்தால் போதும்.